ஏழாம் பெட்டி

அல்மாத்தியிலிருந்து மங்கிஸ்தாவுக்கு
இரண்டரை நாள்.
ஏழாம் பெட்டி என் பொறுப்பு.
விரிப்பு கொடுப்பேன், தேநீர் கொடுப்பேன்,
இறங்கவேண்டியவரை
காலைத் தட்டி எழுப்புவேன்.
கழிவறைச் சாவி என் இடுப்பில்.

பெரிய நிலையம் வருமுன் பூட்டவேண்டும்,
ஊர் தாண்டித்தான் திறக்கவேண்டும்.
சட்டம்.
இருபத்திரண்டு வருடமாகக்
கதவைத் தட்டியவர்களிடமெல்லாம்
பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.
குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவளிடம்கூட.

மார்ச்சில் மெட்ஃபார்மின் எழுதினார்கள்.
காலையும் இரவும், சாப்பாட்டோடு.
"முதல் சில வாரம் வயிறு கொஞ்சம் கலங்கும், குல்யாஷ் அக்கா"
என்றாள் டாக்டர், சின்னப் பெண், நகம் கடிப்பவள்.

கொஞ்சமாம்.

ஷியெலி வருமுன் பூட்டினேன்.
பூட்டிய கை எடுக்கவில்லை,
வயிறு கூப்பிட்டுவிட்டது.
வண்டி நின்றது.
வெளியே சூடான சம்சா என்று கத்துகிறார்கள்.
படிக்கட்டில் நிற்கவேண்டிய நான்
உள்ளே தாழ் போட்டு உட்கார்ந்திருந்தேன்
சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.
ஆறாம் பெட்டி ஜுமாகுல்
இரண்டு வாசலுக்கும் சேர்த்து டிக்கெட் பார்த்தாள்.
அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தண்டவாளம் பார்த்திருக்கும், அதுவும் கேட்கவில்லை.

வயிறாவது பழகிவிட்டது.
வாய்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம்.
ரொட்டி விரித்த இடத்தை
ஒரு துணுக்கு வாயில் படாமல் கடக்கக்கூடாது.
கை நனைக்காமல் போவதா என்று
விரித்தவருக்கு மனத்தாங்கல்.
என் பெட்டியில் ஒன்பது அறை.
முதல் அறையில் பவுர்சாக்,
சுட்ட எண்ணெய் மணம் இன்னும் போகாதது.
இரண்டில் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள்
கல்கண்டுக் கட்டியை
ஷூவின் குதிகாலால் உடைத்துக் கொடுத்தார்கள்.
நான்கில் எண்ணெய்க் கிணற்று ஆள்,
பேசவே மாட்டான், சாக்லேட் மட்டும் நீட்டினான்.
ஒரு கிள்ளு என்ன செய்துவிடும்?
ஒன்பது கிள்ளு ஒரு ரொட்டி.
இரவு விரலைக் குத்திப் பார்த்தேன்:
பதினாலு புள்ளி இரண்டு.
டாக்டர் போட்ட கோடு பத்து.
விடிந்தால், வெறும் வயிற்றில், ஏழு.

கொதிகலனின் முள்ளை
நாளுக்கு இருபது தடவை பார்க்கிறவள் நான்.
சிவப்பைத் தொட்டால் கரியைக் குறைப்பேன்,
கை நடுங்காது.
இந்தச் சின்னத் திரைக்குத்தான்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டேன்.

திரும்பும் பயணத்தில் சொல்லிவிட்டேன்.
எங்கள் மொழியிலும் இந்த நோய்க்குச் சர்க்கரை என்றுதான் பேர்.
"எனக்குச் சர்க்கரை. வேண்டாம்."
ரொட்டியை மறுத்தேன், வைத்தியம் கிடைத்தது.
ஒட்டகப்பால் குடி என்றாள் ஒருத்தி.
வால்நட் இலை என்றாள் அவள் நாத்தனார்.
ஒரு தாத்தா, பயமே நோய் என்று சொல்லி
எனக்கு வைத்த பவுர்சாக்கை
அவரே தின்றார்.
ஒன்பதாம் அறை முடியும்போது
பசியே இல்லை.

அரால் வர இன்னும் அரைமணி இருக்கும்.
எல்லோரும் தூக்கம்.
என் மானி எட்டு புள்ளி ஒன்று என்றது.
ஏழில்லை.
ஆனாலும் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

வெந்நீருக்கு வந்தான் ஒருத்தன்,
போன தடவையைப் போலவே நான்காம் அறை.
உள்ளங்கையில்
என்னுடையது மாதிரியே ஒரு வெள்ளை மாத்திரை.
"எத்தனை நாளாக?"
"திங்கட்கிழமையிலிருந்து."
முகம் வெளுத்திருந்தது.
அந்தச் சாக்லேட்
இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை.

"இரண்டு வாய் ஏதாவது தின்றுவிட்டுப் போடு" என்றேன்.
"இன்னும் பத்து நிமிடத்தில் பூட்டுவேன்.
போகவேண்டுமானால் இப்போதே போ."
போனான்.
பத்து நிமிடம் ஆயிற்று.
தூரத்தில் அரால் விளக்குகள்.
சாவியை விரலில் சுற்றிக்கொண்டு
நின்றேன்,
தட்டாமல்.